கறுப்புத் துணிக்குப் பின்னால்

சுவருக்கு அந்தப் பக்கம் 'கிர்ர்ர்' என்று இரும்பு உறுமியது. கட்டைகள் ஒன்றோடொன்று மோதிச் சடசடத்தன. பிறகு, யாரோ கழுத்தை நெரித்தாற்போல ஒரு முனகல். அதோடு எல்லாம் அடங்கிப் போயிற்று.

சாமான் அறையில் உட்கார்ந்து உருட்டுகிற ஆட்டக் குண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த நல்லகாமன் கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். எதிரே சம்மணமிட்டிருந்த பேயாண்டியின் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது.

"போச்சுண்ணே! மிஷின் மண்டையப் போட்டுருச்சு!"

"வாய மூடுடா. மொதலாளி காதுல விழுந்திரப் போகுது."

"விழட்டுமே. நீங்க கொள்ளி வையிங்க, நான் சங்கு ஊதுறேன். அதான் உடம்பு பூராம் கயிறு கட்டியிருக்கே, பாடைக்குக்கூடத் தனியாக் கயிறு வாங்க வேணாம்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் நல்லகாமனும் சேர்ந்து சிரித்திருப்பார். அன்று அவர் துடைத்த குண்டைக் கீழே வைத்துவிட்டார். வருஷம் முழுக்க எத்தனையோ வெள்ளிக்கிழமை வருகிறது. இந்த வெள்ளிக்கிழமை பார்த்தா அந்த மிஷின் நிற்க வேண்டும்?

ஏன் கலங்கினார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்த ஹாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மதுரைக்கு மேற்கே, கோச்சடைக்கு வருகிற சாலையில், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய குடோன் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் மாசி வீதிப் பாத்திரக்கடைக் குடும்பத்துச் சொக்கநாதன் அதை வாங்கி, வெள்ளையடித்து, உள்ளே வழவழவென்று நீளமாக இரண்டு பலகைப் பாதைகள் போட்டார். பாதையின் அந்தக் கோடியில் முக்கோணமாகப் பத்துக் கட்டைகள் நிற்கும். இந்தக் கோடியிலிருந்து கனத்த குண்டை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். வாசலில் இருந்த போர்டு 'பவுலிங் சென்டர்' என்றது. ஊர்க்காரர்கள் 'கட்டை ஹால்' என்றார்கள்.

போர்டு சொக்கநாதனுடையது அல்ல. மெட்ராஸ் கம்பெனி ஒன்று பல ஊர்களில் இப்படி ஹால் நடத்தியது. பெயரும் போர்டும் கம்பெனிக்கு. கட்டடமும் ஆட்களும் ஏஜென்சி எடுத்த உள்ளூர் முதலாளிக்கு. கம்பெனி சொல்கிறபடி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போர்டு போனால் ஹால் போன மாதிரி. டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் காலேஜ் மாணவர்களும் அந்தப் பெயருக்காகத்தான் வந்தார்கள்.

விழுந்த கட்டைகளை நிமிர்த்தி வைப்பது நல்லகாமனும் பேயாண்டியும். பாதையின் கோடியில் இடுப்பளவுக் குழி. அதற்குள்தான் அவர்களுக்கு வேலை. குண்டு உருண்டு வரும்போது திண்டில் ஏறிக் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கட்டைகள் பறந்து விழுந்ததும் குழிக்குள் குதித்து, குண்டை எடுத்துச் சரிவுத் தண்டவாளத்தில் உருட்டி விட்டு, பத்தையும் அதனதன் புள்ளியில் நிறுத்த வேண்டும். தாமதமானால் அந்தப் பக்கத்திலிருந்து விசில் பறக்கும். நல்லகாமனின் முழங்காலுக்குக் கீழே கட்டை பட்டுத் தழும்பேறாத இடம் கிடையாது.

அவர் ஒன்றும் ஆசைப்பட்டு வந்த வேலை அல்ல இது. நாகமலை அடிவாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணறு வற்றியது. ஆழப்படுத்தினார். மறுபடி வற்றியது. நிலம் கைமாறியது. மனைவி சீனியம்மாளையும் மகள் அன்னக்கொடியையும் கூட்டிக்கொண்டு கோச்சடைக்கு வந்து, இதே குடோனில் மூட்டை சுமந்தார். மூட்டைகள் போய்க் கட்டைகள் வந்தபோதும் அவர் மட்டும் அதே சுவர்களுக்குள் நின்றுவிட்டார். "குடோனோட சேத்து உன்னையும் கிரயம் பண்ணிட்டேன்யா" என்று சொக்கநாதன் கேலி செய்வார்.

அன்னக்கொடிக்குக் கல்யாண வயது வந்து, தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் போதும், பேச்சு முடிந்த மாதிரி. கை நனைத்துவிட்டார்கள் என்பார்கள். அதற்குப் பிறகு யாரும் மாறிப் பேச மாட்டார்கள். பிடிக்கவில்லையென்றால் எதுவும் சொல்லாமல், கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். அன்னக்கொடியைப் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பேருமே கை நனைக்காமல் போனார்கள். மண் இல்லாதவன் மகள். வேறென்ன குறை? ஆனால் தெருவில் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "அந்த வீட்டு இலையில என்னமோ இருக்குடி" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னதைக் கேட்டுவிட்டுக் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள் அன்னக்கொடி. அன்றிலிருந்து அவள் அந்தக் குழாய்க்குப் போவதில்லை.

மூன்றாவதாக வந்த சம்பந்தம்தான் காசிமாயன். நாகமலை புதுக்கோட்டைக்காரர். மகன் மலையாண்டி உழைப்பாளி, வாயில்லாத பிள்ளை. காசிமாயன் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், வானத்த நம்பி நான் கெட்டது போதும். எம் மகனும் கெட வேணாம். உங்க கம்பெனியில அவனையும் உங்களோட சேத்து விட்டுருங்க. மேக்கொண்டு நான் எதுவும் கேக்கல."

நல்லகாமன் முதலாளியிடம் கேட்டார். "இன்னும் ரெண்டு பாதை போடப் போறேன், ஆள் வேணும்தான். கூட்டிட்டு வா" என்றார் சொக்கநாதன். அந்தச் சந்தோஷத்தில் நல்லகாமன் காசிமாயனிடம் கொஞ்சம் மார்தட்டிவிட்டார்.

"நாங்க இல்லாம அந்த ஹால்ல ஒத்தக் கட்டை நிக்காது மச்சான். நீங்களே வந்து பாருங்க."

"அப்ப வர்ற வெள்ளிக்கிழமை வாரேன். கம்பெனியப் பாத்துட்டு, அப்படியே வீட்டுக்கு வந்து கைய நனைச்சிட்டுப் போறேன்."

பேச்சு முடிந்த மூன்றாம் நாள் லாரியில் மிஷின் வந்து இறங்கியது.

ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஒரு கயிறு. கயிறுகள் எல்லாம் மேலே ஒரு குழாயைத் தாண்டிப் பின்புறம் போய் ஓர் உருளையில் சேரும். மோட்டார் உருளையைச் சுற்றினால் விழுந்த கட்டைகள் அத்தனையும் பொம்மலாட்டப் பொம்மைகளைப் போல எழுந்து தொங்கும். பிறகு நிதானமாக இறங்கி அதனதன் இடத்தில் நிற்கும். குண்டையும் மிஷினே தூக்கி அனுப்பிவிடும். குழிக்கு முன்னால் கட்டைகளுக்குப் பின்புறமாக ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குக் கட்டைகள் தாமாக எழுவது போல இருக்கும். மெட்ராசிலும் கோயமுத்தூரிலும் இந்த மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, மதுரையில் மட்டும் ஏன் இன்னும் ஆள் வைத்திருக்கிறீர்கள் என்று கம்பெனி கேட்டதாம். முதலில் ஒரு பாதையில் ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பெனி அதிகாரி வந்து பார்க்கிற நாள், விதியைப் பாருங்கள், அதே வெள்ளிக்கிழமை.

"பயப்படாத நல்லகாமா. மிஷின் ஒரு பாதைக்குத்தான். உங்கள விட்டுருவனா?" என்று சொக்கநாதன் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நல்லகாமன் அந்த வாரத்தை ஓட்டினார்.

இப்போது சாமான் அறைக் கதவு படாரென்று திறந்தது. சொக்கநாதன் நின்றார். பட்டுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"நல்லகாமா! மோட்டார் புகைஞ்சு போச்சுய்யா. மெக்கானிக் கையை விரிச்சுட்டான். சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணுமாம்."

"அதிகாரி எங்க மொதலாளி?"

"திருப்பரங்குன்றத்துல சாமி கும்பிட்டுட்டுக் கார் ஏறியாச்சு. இந்நேரம் பாதி வழி வந்திருப்பார். இன்னிக்கு மிஷின் ஓடலைன்னா போர்டைக் கழட்டிருவாங்க. திருச்சியில அப்படித்தான் கழட்டுனாங்க. ஹாலைப் பூட்டிட்டு நான் மறுபடி பாத்திரக்கடைக்குத்தான் போகணும்."

சொல்லிவிட்டு அவர் செய்த காரியத்தை நல்லகாமன் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார் முதலாளி.

"கயித்த உருளையில இருந்து கழட்டி ஒரு கம்புல கட்டச் சொல்லியிருக்கேன். நீ துணிக்குப் பின்னால நின்னு இழுத்து விடு. குண்டையும் நீயே எடுத்து விட்டுரு. அடுத்த பாதைய இன்னிக்கு மூடியாச்சு. யாருக்கும் தெரியாது. மோட்டார் சத்தத்துக்கு அந்தப் பழைய ஃபேனைப் போட்டு விட்டுர்றேன். ஒரே ஒரு மணி நேரம். என் மானத்தக் காப்பாத்துய்யா."

பேயாண்டி எழுந்து நின்றான்.

"நல்லாருக்கே மொதலாளி! நம்ம கழுத்துக்கு மாட்டுன கயித்த நாமளே இழுக்கணுமா? அண்ணே, கேளுங்க. மிஷின் ஓடலைன்னு தெரிஞ்சாத்தான் ஆளுக்கு மதிப்பு. இத மட்டும் நீங்க ஓட்டிக் காட்டுனீக, நாளைக்கே நம்மள வாசல்ல நிறுத்திருவாங்க."

"போர்டு போச்சுன்னா ஹாலே இல்லடா. அப்பறம் யாருக்குடா மதிப்பு?" என்றார் சொக்கநாதன். பிறகு நல்லகாமன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "உன் மருமகனுக்கு வேலை. அது என் பொறுப்பு. போதுமா?"

நல்லகாமன் என்ன செய்வார்? இழுத்தால் வேலை போகலாம். இழுக்காவிட்டால் ஹாலே போய்விடும். 'போகலாம்' என்பதற்கும் 'போய்விடும்' என்பதற்கும் நடுவில் மகளின் கழுத்தில் ஏற வேண்டிய தாலி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இழுக்கிற பக்கம் சாய்ந்தார்.

"சத்தியம் பண்ணு. ஒரு குஞ்சுக்கும் இது தெரியக் கூடாது" என்று சொக்கநாதன் கையை நீட்டினார்.

நல்லகாமன் குலசாமியை நினைத்து அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். பேயாண்டி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். "நான் இதப் பாக்க மாட்டேன் சாமி. நான் வாரேன்."

துணிக்குப் பின்னால் மூச்சுவிட இடமில்லை. சித்திரை வெயிலில் மேலே தகரக்கூரை கொதித்தது. கயிறுகளின் நுனியெல்லாம் சேர்த்துக் கட்டிய கம்பு கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி அதைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குண்டைத் தூக்கித் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். பிறகு கொக்கியிலிருந்து எடுத்து, பதறாமல், மோட்டார் விடுகிற மாதிரி ஒரே சீராக விட வேண்டும். சீர் கெட்டால் கட்டைகள் ஊசலாடும். அது மனிதக் கை என்று தெரிந்துவிடும்.

கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. செண்டு வாசனை, கைகுலுக்கல், சிரிப்பு. பழைய ஃபேன் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. முதல் குண்டு இடி போல உருண்டு வந்தது.

நல்லகாமன் இழுத்தார். கட்டைகள் எழுந்தன. விட்டார். நின்றன.

கூட்டம் கைதட்டியது.

மறுபடி குண்டு. மறுபடி இழுப்பு. ஒரு குண்டு குழியில் துள்ளி அவருடைய கணுக்காலில் இடித்தது. வாயைத் திறக்க முடியாதே! உதட்டைக் கடித்துக்கொண்டு குண்டைத் தூக்கி வைத்தார். புது நைலான் கயிறு. கம்பு வழுக்கியபோதெல்லாம் கயிற்றையே பிடிக்க வேண்டியதாயிற்று. சிறிது நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. பிறகு ஈரமாயிற்று. வியர்வை என்று நினைத்து வேட்டியில் துடைத்தார். வேட்டி சிவந்தது.

அதிகாரி உற்சாகமாகிவிட்டார். வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உருட்டச் சொன்னார். "பாத்தீங்களா? இதான் மிஷின். மனுஷன்னா களைப்பான், முகம் சுளிப்பான், லீவு கேட்பான். இதுக்கு ஒண்ணும் கிடையாது."

துணியில் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியாக நல்லகாமன் பார்த்தார்.

வாசலில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, கையில் மஞ்சள் பையோடு காசிமாயன் நின்றுகொண்டிருந்தார். பைக்குள்ளிருந்து பூச்சரம் எட்டிப் பார்த்தது. சம்பந்தம் முடிக்க வந்த மனிதர். கண்கள் ஹால் முழுக்க எதையோ தேடின. கடைசியில் கூச்சத்தோடு சொக்கநாதன் அருகில் போய் நின்றார்.

"ஐயா, இங்க நல்லகாமன்னு ஒருத்தர் வேல பாக்குறாரே, கட்டை நிறுத்துறவரு. எங்க இருக்காருங்க?"

சொக்கநாதனின் முகம் வெளிறியது. அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"யாரு? கட்டை நிறுத்துறதுக்கு இன்னும் ஆள் வெச்சிருக்கீங்களா சொக்கநாதன்?"

"இல்லல்ல சார். முன்னால இருந்தாங்க." சொக்கநாதன் காசிமாயன் பக்கம் திரும்பினார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப அப்படி யாரும் இல்லய்யா. எல்லாம் மிஷின்தான்."

அந்தச் சமயம் நல்லகாமன் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். பத்துக் கட்டைகளும் அந்தரத்தில் தொங்கின. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "மச்சான், நான் இங்கனதான் இருக்கேன்" என்று கத்திவிட்டால் போதும். துணியை விலக்கிவிட்டால் போதும். மகள் முகம் கண் முன்னால் வந்தது. சத்தியம் செய்த கையும் வந்தது. கத்தினால் இந்த நிமிஷமே போர்டு இறங்கிவிடும், மருமகனுக்குச் சொன்ன வேலையும் அதோடு போய்விடும் என்று புத்தி சொன்னது. கத்து, கத்து என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பெற்ற மனம் எரிகிறபோது புத்தி சொல்வதைக் கேட்கிற கொடுமை யாருக்கும் வர வேண்டாம்.

அவர் கம்பை மெதுவாக விட்டார். கட்டைகள் இறங்கின. பத்தும் ஆடாமல் நின்றன.

"பாருங்கய்யா, எப்படி நிக்குதுன்னு!" என்று அதிகாரி காசிமாயனிடமே பெருமையாகச் சொன்னார். "பின்னால ஒரு ஆளு கிடையாது."

காசிமாயன் கொஞ்ச நேரம் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மஞ்சள் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். பூச்சரம் நசுங்கியதை அவர் கவனிக்கவில்லை.

கார் போன பிறகு சொக்கநாதன் துணியை விலக்கிக்கொண்டு வந்தார். நல்லகாமன் குழியின் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாரு மொதலாளி?"

சொக்கநாதன் அவர் முகத்தைப் பார்க்காமல், தொங்கிய கயிறுகளைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டாவது பாதைக்கும் மிஷின் அனுப்புறாராம். இனிமே போடுற பாதைக்கும் மிஷின்தான். இனிமே கட்டை நிறுத்த ஒரு ஆளும் இருக்கக் கூடாதாம். இம்புட்டு நல்லா ஓடுற மிஷின அவர் எங்கயும் பாத்ததில்லையாம்." ரத்தம் பட்ட கம்பைத் தொட்டுப் பார்த்தார். "நீ இம்புட்டு நல்லாச் செஞ்சிருக்க வேணாம்யா."

"என் மருமகனுக்குச் சொன்னீகளே…"

"நான் என்னய்யா பண்ணுவேன்? போர்டு அவங்களுது."

நல்லகாமனுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே! எழுந்து வெளியே வந்தார். புளியமரத்தடியில் பேயாண்டி சைக்கிளோடு நின்றிருந்தான்.

"என்னண்ணே, மிஷின் நல்லா ஓடுச்சாமே? வாசல்ல நின்னவன்லாம் பேசிட்டுப் போறான்" என்று குத்தலாக ஆரம்பித்தவன் அவர் கைகளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். தன் துண்டை நீளவாக்கில் கிழித்து, மறுபேச்சுப் பேசாமல் இரண்டு கைகளிலும் சுற்றினான். பிறகு சைக்கிளைத் தட்டிக் காட்டினான். "ஏறுங்க. உங்க சம்பந்தி உங்க தெருப் பக்கம்தான் போனாரு. எதாச்சும் சொல்லிச் சமாளிங்கண்ணே."

வீட்டு வாசலில் கோலம். உள்ளே பருப்பும் நெய்யும் மணத்தன. பாயில் காசிமாயன் உட்கார்ந்திருந்தார். எதிரே தலைவாழை இலை. சீனியம்மாள் சோற்றுப் பானையோடு நின்றாள். பரிமாற எடுத்த கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது.

"எங்க போயிட்டீக? அண்ணன் வந்து எம்புட்டு நேரமாச்சு! சாப்பிடுங்கண்ணேன்னா, மச்சான் வரட்டும்கிறாக" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டவள், அவர் கைக்கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "ஐயோ, கையில என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கட்டை பட்டிருச்சு."

காசிமாயன் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் வதைத்தது.

"எந்தக் கட்டை? நான் ஹாலுக்குப் போயிட்டுத்தான் வாரேன். அங்க அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அடுப்படியில் ஏதோ தம்ளர் கீழே விழுந்து உருண்டது. அன்னக்கொடி அங்கேதான் நின்றாள்.

"சொல்லுங்களேன்!" சீனியம்மாள் பதறினாள். "தெனம் விடிஞ்சா அங்கதான போறீக? நான்தான கஞ்சி ஊத்தி அனுப்புறேன்? இல்லைன்னு எவன் சொன்னான்? வாயத் தொறந்து சொல்லுங்க!"

நல்லகாமன் சுவரைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். அடுப்படி நிலையில் தெரிந்த மகளின் பாதத்தைப் பார்த்தார். சொன்னால் சத்தியம் உடையும். குலசாமி சும்மா விடாது. சொல்லாவிட்டால்? மூன்றாவது இலையும் காலியாகவே மடியும்.

"சாமி என்னய எது வேணாலும் பண்ணட்டும்" என்று முணுமுணுத்தபடி காசிமாயனுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். "மச்சான், அங்க மிஷின் ஓடல. மோட்டார் செத்துப் போச்சு. துணிக்குப் பின்னால நின்னு கயித்த இழுத்தது நான்தான். நீங்க என்னயக் கேட்டீக பாருங்க, அந்நேரம் நான் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். பதில் சொல்ல முடியல மச்சான்."

கைக்கட்டுத் துணியைப் பல்லால் பிடித்து அவிழ்த்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் வரிவரியாகத் தோல் கழன்றிருந்தது. சீனியம்மாள் பானையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

காசிமாயன் அந்தக் கைகளைத் தன் கைகளில் வாங்கிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது.

"நம்புறேன். நானும் கெணத்துக் கயித்த இழுத்தவன்தான். பாத்தாத் தெரியாதா?"

சீனியம்மாள் முகத்தில் உயிர் வந்தது. அவசரமாகக் கரண்டியை எடுத்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்குறேன்" என்றார் காசிமாயன். "மோட்டாரை எப்பச் சரி பண்ணுவாங்க?"

நல்லகாமனால் பொய் சொல்ல முடியவில்லை. "மெட்ராஸ்ல இருந்து சாமான் வந்ததும்."

"சரி பண்ணிட்டா?"

நல்லகாமன் தலை குனிந்தார்.

"உங்களுக்காவது இன்னிக்கு ஒரு நாள் துணிக்குப் பின்னால நிக்க எடம் கெடச்சிச்சு. எம் மகன எந்தத் துணிக்குப் பின்னால நிக்க வைப்பீக?"

வெளியே தெருவில் யாரோ இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

காசிமாயன் எழுந்தார். இலை மிதிபடாமல் கவனமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று சீனியம்மாள் சொம்பை நீட்டினாள்.

அவர் சொம்பைத் தொடவில்லை. "வேணாம்மா. பஸ்ஸு போயிரும்." மஞ்சள் பையிலிருந்து நசுங்கின பூச்சரத்தை எடுத்தார். கொடுப்பதா, கொண்டுபோவதா என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். யார் கையிலும் கொடுக்காமல் மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கொடுத்தால் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடுமே!

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"கைக்கு மஞ்சப் பத்துப் போடுங்க. காத்துப் படாம வைங்க." நிறுத்தினார். அதுவரை மச்சான் என்று கூப்பிட்ட மனிதர், உறவு வைக்க வந்த மனிதர், இப்போது வேறு மாதிரிக் கூப்பிட்டார். "வாரேண்ணே."

மச்சான் அண்ணன் ஆகிவிட்டால் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. சீனியம்மாளுக்கு அது புரிந்தது. சொம்போடு அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

"மச்சான்!" என்று நல்லகாமன் கூப்பிட்டார். "மச்சான்…"

காசிமாயன் திரும்பவில்லை. வெள்ளைத் துண்டு தெருமுனை வரை தெரிந்தது. குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் இலையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அன்னக்கொடி அடுப்படியிலிருந்து வந்தாள். புதுச் சேலை சரசரத்தது. தாயைப் பார்க்கவில்லை. தகப்பன் முன்னால் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். குனிந்து, அவிழ்ந்து கிடந்த துண்டுத் துணியை எடுத்து, குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி அவருடைய இரண்டு கைகளிலும் சுற்றினாள். ஒரு பருக்கை விழாத அந்த இலையை மடித்தாள்.

பிறகு நேராக வாசலுக்குப் போய், பட்டப்பகலில், தெருப் பார்க்கப் பார்க்க, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.